கெல்லருக்குக் கொண்டுபோன ரவா லட்டு

1

நேற்றோடு எனக்கு வேலை போய் ஒரு வருடம். ஊரில் ஒரு வருடம் என்றால் ஒன்று பிள்ளைக்குக் காது குத்துவோம், இல்லையென்றால் செத்தவருக்குத் திதி கொடுப்போம். இதற்கு என்ன செய்வதென்று தெரியாததால் காலையில் எழுந்து வழக்கம்போல மெயில் பார்த்தேன். ஒரு செருப்புக் கடையின் தள்ளுபடி விளம்பரம் வந்திருந்தது. குப்பை மெயில்கள் போய் விழும் இடத்தையும் திறந்து பார்த்தேன். அங்கேயும் செருப்புதான்.

நான் இருப்பது ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊர். சொந்த ஊர் மதுரை மாவட்டத்தில் பேரையூர் பக்கம். கப்பலூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் அதே வேலைக்கு இங்கே ஒரு கம்பெனிக்கு வந்தேன். போன வருடம் கம்பெனிக்காரர்கள் எங்கள் பிரிவை மூடிவிட்டு இயந்திரங்களைப் பக்கத்து நாட்டுக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். இயந்திரங்களுக்கு விசா கேட்கவில்லை. எங்களுக்கு ஒரு பூங்கொத்தும் சான்றிதழும் கொடுத்து அனுப்பினார்கள்.

இங்கே தங்குவதற்கான என் அட்டை அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ஏதாவது ஒரு கம்பெனி கையெழுத்துப் போட்ட வேலை ஒப்பந்தத்தை வெளிநாட்டவர் அலுவலகத்தில் நான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நானும் என் மனைவி சுமதியும் மகள் இனியாவும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர்கள் இருவருடைய அட்டையும் என் அட்டையில் தொங்குகிறது. நிரந்தர அட்டை வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு மொழித் தேர்வு எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டேன். அப்போது வேலை இருந்தது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

இங்கே வரும்போது இனியாவுக்கு எட்டு வயது. இப்போது பதின்மூன்று. அவள் கனவில்கூட ஜெர்மன் பேசுகிறாள். பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன்.

2

இங்கே வேலைக்கு விண்ணப்பம் போட்டால் பதில் வராது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. முதலில் ஒரு பதில் உடனே வரும். உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி, பொறுமை காக்கவும் என்று இயந்திரம் அனுப்பும் பதில். அதற்குப் பிறகு நாலு வாரம், எட்டு வாரம், சில சமயம் ஐந்து மாதம் சத்தமே இருக்காது. நாமே மறந்துபோன ஒரு நாளில் இல்லை என்று ஒரு கடிதம் வரும்.

அந்தக் கடிதமும் எனக்கு வருவதில்லை, என் அப்பாவுக்கு வருகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறேன், நம் ஆட்கள் எல்லோரையும் போல. அதனால் ஒவ்வொரு கடிதமும் 'மதிப்புக்குரிய திரு. வீரணன்' என்றுதான் ஆரம்பிக்கிறது. பேரையூர்க் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டிருக்கும் மனுஷன், ஆயுசில் ஒரு விண்ணப்பம் எழுதாதவர், ஜெர்மனியின் பாதிக் கம்பெனிகள் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. ஒருநாள் போனில் இதைச் சொன்னேன். "எம்பேர எதுக்குடா அங்க சீரழிக்கிற" என்று சிரித்தார். பிறகு அங்கே மழை பெய்ததா என்று கேட்டார்.

கடிதங்களை வாசித்துச் சொல்வது இனியாவின் வேலையாகிப் போனது. எனக்கும் ஓரளவு புரியும். ஆனால் இவர்கள் இல்லை என்பதை இல்லை என்று எழுத மாட்டார்கள், சுற்றி வளைப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் வாசிப்பாள். முதல் சில மாதம் முழுதாக மொழிபெயர்த்துச் சொன்னாள். பிறகு இரண்டு வரியானது. இப்போதெல்லாம் பார்த்துவிட்டு "இதுவும் அதேதான்ப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறாள்.

ஒரு பிழையையும் அவள்தான் கண்டுபிடித்தாள். ஹைக்கே என்ற பெயருள்ள ஒரு அதிகாரிக்கு நான் மூன்று கடிதம் எழுதியிருந்தேன். மூன்றிலும் 'ஐயா' என்று விளித்திருந்தேன். அது பெண் பெயர். "அவங்க ஏன் பதில் போடலன்னு இப்பத் தெரியுதா" என்றாள். கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வாத்தியார் மாதிரிச் சொன்னாள்.

3

எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சில பேர் கேட்கிறார்கள். சமாளிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் குளித்துச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கு ஊர் நூலகத்துக்குப் போகிறேன். சுமதி தயிர்சாதம் கட்டித் தருகிறாள். அவள் ஒரு பள்ளிச் சமையலறையில் பாதி நாள் வேலை பார்க்கிறாள். நான் வீட்டில் இருந்தால் அவள் வேலைக்குக் கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. அது அவளுக்கு நல்லதில்லை.

நாளுக்கு இரண்டு தடவைதான் மெயில் பார்க்க வேண்டும் என்று இனியா சட்டம் போட்டாள். பதினோரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. நான் சரி என்றேன். பத்து ஐம்பதுக்குப் பார்த்தால் அது பதினோரு மணிக் கணக்கில் வருமா வராதா என்று எனக்குள் நானே வாதாடிக்கொண்டிருப்பேன்.

வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மெயில் போட்டால் அதற்கும் இயந்திரம்தான் பதில் சொல்கிறது. உங்கள் மெயில் வந்தது, திரும்பத் திரும்ப விசாரித்தால் வேலை இன்னும் தாமதமாகும் என்று எச்சரிக்கிறது. எப்படியோ ஒருநாள் நேரம் வாங்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த அம்மா தன்மையானவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "ஒப்பந்தம் காகிதத்தில் வேண்டும். வரப்போகிறது என்பதை நான் கோப்பில் வைக்க முடியாது" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

4

மதுரையில் முதல் வேலை தேடியபோதும் பதில் வரவில்லைதான். அப்போது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் நானும் ஜெயபாண்டியும் தங்கியிருந்தோம். லாட்ஜ் அவனுடைய தாய்மாமாவுடையது. அதனால் வாடகை கிடையாது, கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. கப்பலூர்க் கம்பெனியில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஒரு மாதம் அந்த அறையில் படுத்துக் கிடந்தேன். ஜெயபாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"மாப்ள, அவனுக்கு உன் மூஞ்சி தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் யாருக்குன்னு வேல குடுப்பான்? போயி கேட்டுல நில்லு. வண்டி உள்ள போறப்ப எந்திரி, வணக்கம் வையி. வேறொண்ணும் பேசாத."

ஒன்பது நாள் நின்றேன். ஒன்பதாவது நாள் மேனேஜர் ஸ்கூட்டரை நிறுத்தி, "யாருப்பா நீ, தெனமும் நிக்கிற?" என்று கேட்டார். பேரையூர் என்றேன். அவருடைய சகலை பேரையூர். அன்றைக்கே உள்ளே கூட்டிப்போய் அளவுக் கருவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

எங்கள் பக்கம் ஆபீஸ் காரியம் அப்படித்தான் நடக்கிறது. மனுவைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவனுக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. தாலுகா ஆபீஸானாலும் கல்யாண மண்டபமானாலும் முகத்தைக் காட்ட வேண்டும், அதுவும் வெறுங்கையோடு போகக் கூடாது. இரண்டு சீப்பு வாழைப்பழமோ ஒரு பொட்டலம் மிக்சரோ கையில் இருக்க வேண்டும். யாரும் அதை லஞ்சம் என்று நினைப்பதில்லை. வீட்டுக்குள் வருகிற ஆள் கையை வீசிக்கொண்டு வந்தால் நல்லா இருக்காது, அவ்வளவுதான்.

5

இப்போது கெல்லருக்கு வருகிறேன். ரயிலில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இன்னொரு ஊர், அங்கே நடுத்தரமான ஒரு பம்ப் கம்பெனி. இரண்டு சுற்று நேர்காணல் நடந்தது. கெல்லர் அங்கே தரப் பிரிவின் தலைவர், ஐம்பது வயதிருக்கும். பம்புக்காக உருக்கி வார்த்த ஒரு இரும்பு வார்ப்படத்தைக் கையில் கொடுத்து இதில் என்ன கோளாறு என்று கேட்டார். தடவிப் பார்த்தே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வாசல் வரை வந்து கை கொடுத்து, "இரண்டு வாரத்தில் சொல்கிறோம்" என்றார்.

இந்த ஒரு வருடத்தில் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த இரண்டு வாரம்தான். மூன்றாவது வாரம் ஒரு மெயில் போட்டேன். பதில் இல்லை. ஐந்தாவது வாரம் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்து, விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, சொல்கிறோம் என்றார். ஆறாவது வாரம் ஜெயபாண்டி போன் செய்தான். லாட்ஜ் இப்போது அவனுடையது. அவன் பேசும்போது பின்னால் பஸ் ஹாரனும், உசிலம்பட்டி தேனி என்று கூவுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"சேதி வந்துச்சா மாப்ள?"

"இல்லடா."

"எம்புட்டு நாளாச்சு?"

"ஆறு வாரம்."

"ஆறு வாரமா அந்தக் கம்ப்யூட்டரயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியா? நேர்ல போயி நிக்க வேண்டியதுதானே."

"இங்க அப்படியெல்லாம் போகக் கூடாதுடா."

"யாரு சொன்னா? போயிப் பாத்தவன் யாராச்சும் சொன்னானா?"

எனக்குத் தெரிந்து யாருமே போய்ப் பார்த்ததில்லை. ஒரு வருடமாக இவர்கள் முறைப்படி நடந்து என்னத்தைக் கண்டோம் என்ற எரிச்சலும் சேர்ந்துகொண்டது. சுமதியிடம் சொன்னேன். அவள் தடுக்கவில்லை.

"போறதுதான் போறீங்க, அந்த மனுஷன் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனாருன்னு சொன்னீங்கள்ல. சும்மாவா போவீங்க?"

ரவையை வறுத்து, முந்திரி போட்டு, நெய் விட்டு இருபத்தைந்து லட்டு பிடித்தாள். ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினாள். இனியாவிடம் இருவரும் சொல்லவில்லை. சொன்னால் போக விடமாட்டாள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

6

வரவேற்பில் ஒரு இளம்பெண் இருந்தாள். திரு. கெல்லரைப் பார்க்க வேண்டும் என்றேன். நேரம் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை, ஒரு நிமிடம் போதும் என்றேன். அவள் போனில் ஏதோ பேசிவிட்டு உட்காரச் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். மடியில் டப்பா. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். யார் யாரோ போனார்கள், வந்தார்கள். இரண்டு பேர் எனக்குத் திரும்ப வணக்கம் சொன்னார்கள்.

கெல்லர் படியிறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் அன்றைக்கு மலர்ந்த முகம் இன்றைக்குச் சிவந்தது. கை கொடுத்தார். கொடுத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

"திரு. வீரணன், நீங்கள் வந்திருக்கக் கூடாது."

தொந்தரவு செய்ய வரவில்லை, இந்தப் பக்கம் வந்தேன், பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஜெர்மனில் சொன்னேன். பிறகு டப்பாவை நீட்டினேன். என் மனைவி செய்தது என்றேன்.

அவர் அந்த டப்பாவைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? வார்ப்படத்தில் கோளாறைத் தேடுகிறவன் பார்க்கிற பார்வை. வரவேற்புப் பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்கள் காகிதம் ஊழியர் குழுவிடம் இருக்கிறது. அவர்கள் ஒப்புதல் இல்லாமல் நாங்கள் யாரையும் எடுக்க முடியாது. குழுத் தலைவர் நீண்ட விடுப்பில் இருந்தார். வரும் வியாழக்கிழமை கூடுகிறார்கள். நான் உங்கள் பெயரைத்தான் கொடுத்திருந்தேன். இதை நான் உங்களிடம் சொல்லவே கூடாது."

உங்கள் பெயரைத்தான் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. டப்பாவை வரவேற்பு மேசைமேல் வைத்துவிட்டு, நன்றி நன்றி என்று நாலு தடவை சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ரயிலில் வரும்போதே சுமதிக்குப் போன் செய்து கிடைச்ச மாதிரிதான் என்றேன். ஜெயபாண்டிக்கும் சொன்னேன். "நான் சொல்லல?" என்றான்.

அவர் கொடுத்திருந்தேன் என்று சொன்னாரே தவிர, கொடுத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அது உறைத்தது. ஜெர்மனில் நான் எப்போதும் இந்த இடத்தில்தான் மார்க்கைக் கோட்டை விடுவேன். அதனால் நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

7

மூன்றாவது நாள் பார்சல் வந்தது. எவர்சில்வர் டப்பா, காற்றுக்குமிழ் தாளில் நன்றாகச் சுற்றப்பட்டு. இருபத்தைந்து லட்டும் அப்படியே இருந்தன. கூடவே ஒரு கடிதம். விண்ணப்பதாரர்களிடமிருந்து எந்தப் பொருளையும் பெறுவதில்லை, இந்த நிகழ்வு பதிவு செய்யப்பட்டுள்ளது என்று இரண்டு வரி. இந்த ஒரு வருடத்தில் எனக்கு இவ்வளவு சீக்கிரம் கிடைத்த பதில் இதுதான். சுமதி டப்பாவை மூடி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றாள். என்னைத் திட்டவில்லை. லட்டு பிடித்தது தன் யோசனைதானே என்று நினைத்திருப்பாள்.

வியாழக்கிழமை போய், அடுத்த திங்கட்கிழமை மெயில் வந்தது. வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள், திரு. வீரணன்.

லட்டினால் போனதா, அதற்கு முன்னாலேயே போயிருந்ததா என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. கெல்லருக்கு ஒரு மெயில் போட்டேன், மன்னிப்புக் கேட்டு. பதில் வரவில்லை. அவர்மேல் கோபம் வரவில்லை. பதில் போடாதவனின் மனசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கப்பலூரில் கடைசி நாலு வருடம் நான்தான் பிரிவுத் தலைவர். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஈஸ்வரி என்று ஒரு பெண் நேர்காணலுக்கு வந்தாள். அப்பா அம்மா கூலிக்குக் களையெடுக்கப் போகிறவர்கள், வீட்டில் டிப்ளமோ முடித்த முதல் ஆள் அவள்தான். நன்றாகப் பதில் சொன்னாள். ரெண்டு நாள்ல சொல்றோம்மா என்று அனுப்பினேன். முதலாளி, ஷிப்டுக்குப் பெண் பிள்ளை வேண்டாம் என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. அதை அவளிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவள் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தினமும் கேட்டுக்கு வந்தாள். சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று சொல்லும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவைத்தேன். ஒருநாள் வெளியே டீக்கடையில் என்னைப் பிடித்துவிட்டாள்.

"சார், இல்லைன்னு சொன்னாக்கூடப் போதும் சார். ரெண்டு பஸ்ஸு மாறி வாரேன்."

"பாக்கலாம்மா" என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகும் நாலு நாள் வந்ததாக வாட்ச்மேன் சொன்னார். ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பெண் வேறு இடம் பார்த்திருப்பாள். நல்லவனாகத் தெரிய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதற்கு அவள் பஸ் ஏறி இறங்கினாள். இத்தனை வருடம் கழித்து அதை நினைத்து வெட்கப்படுவதால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

8

நேற்றுச் சாயங்காலம் இனியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கெல்லர், லட்டு, பார்சல், அடுத்த மாதக் கடைசி. கிளம்புவதென்றால் மதுரை கே.கே. நகரில் இருக்கும் அவளுடைய மாமா வீட்டு மாடியில் தங்கலாம், நான் மறுபடியும் கப்பலூர்ப் பக்கம் கேட்டுப் பார்க்கிறேன், உனக்கு நல்ல பள்ளிக்கூடமாகப் பார்க்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கத்துவாள், கதவைச் சாத்திக்கொள்வாள் என்று பயந்துகொண்டேதான் பேசினேன். சுமதி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனியா கத்தவில்லை. எழுந்து போய்த் தன் லேப்டாப்பை எடுத்து வந்து எனக்கு முன்னால் திருப்பி வைத்தாள்.

கே.கே. நகரில் உள்ள ஒரு பள்ளிக்கு அவள் ஆங்கிலத்தில் எழுதிய மெயில். என் பெயர் இனியா, வயது பதின்மூன்று, ஐந்து வருடமாக ஜெர்மனியில் படிக்கிறேன், குடும்பத்தோடு மதுரைக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம், வருடத்தின் நடுவில் எட்டாம் வகுப்பில் சேர இடம் உண்டா, தமிழ் பேசுவேன், எழுதுவதில் பிழை வரும், சேர்வதற்குள் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு தப்பும் இல்லாமல் எழுதியிருந்தாள். அப்பாவின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அனுப்பிய தேதியைப் பார்த்தேன். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதற்குப் பத்து நாள் முந்தைய தேதி. இனி இங்கே எனக்கு வேலை கிடைக்காது என்று அவள் அப்போதே முடிவு செய்திருக்கிறாள். அதற்குப் பிறகும் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கழற்றாமல், என் கடிதங்களை வாசித்திருக்கிறாள்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கெல்லரத்தான நம்பிக்கிட்டு இருந்தீங்க."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் தோளில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, பள்ளியிலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்தாள். புதிதாக ஒன்றும் இல்லை.

"மூணு வாரத்துக்கு மேல ஆச்சுப்பா, பதிலே வரல. அவங்க வேண்டாம்னுதான் போடாம இருக்காங்களாப்பா?"

இல்லம்மா, அங்கெல்லாம் அப்படித்தான், மெதுவாகத்தான் வரும் என்று சொல்லலாம். சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அவள் கையைத் தோளிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.